ஊர் பேர் தெரியாததை எப்படிக் காப்பாற்றுவீர்கள்?

உயிரினப் பாதுகாப்புத் திட்டங்களுக்கு நிதி ஒதுக்கும் குழுவினருக்கு,

வணக்கம்.

எந்த விலங்குக்குப் பணம், எந்தக் காட்டுக்குப் பணம், எந்த விண்ணப்பத்தை "அடுத்த ஆண்டு பார்க்கலாம்" கட்டில் போடுவது என்பதையெல்லாம் முடிவு செய்கிறவர்கள் நீங்கள். நான் ஓர் அருங்காட்சியகத்தின் பின்கட்டில், பார்வையாளர் யாரும் எட்டிப் பார்க்காத சேகரிப்பு அறையில், மீன் ஜாடிகளோடு குடித்தனம் நடத்துகிறவன். நாம் நேரில் சந்தித்ததில்லை. ஆனால் என் விண்ணப்பங்கள் உங்களைப் போன்றவர்களின் மேசைக்கு மூன்று முறை போய்த் திரும்பியிருக்கின்றன. கடைசியாக வந்த பதில் ஒரே வரி: இது வகைப்பாட்டு ஆய்வு, பாதுகாப்புப் பணி அல்ல.

எந்த உயிர் எந்த இனம் என்று பிரித்தறிந்து பெயர் வைப்பதைத்தான் வகைப்பாடு என்கிறோம். அந்த ஒரு வரிக்குப் பதில் சொல்லத்தான் இந்த மடல். கோபத்தில் எழுதவில்லை. சரி, கொஞ்சம் கோபமும் இருக்கிறது.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் கிரீன்பேக் கட்த்ரோட் ட்ரௌட் என்று ஒரு மீன் உண்டு. 1930களில் அது அழிந்துபோய்விட்டதாக நினைத்தார்கள். 1950களில் சில மலை ஓடைகளில் மறுபடி கிடைத்ததாகச் செய்தி வந்தது. அப்புறம் என்ன, குஞ்சு பொரிக்க வைத்தார்கள், வேற்று மீன்களை அகற்றிவிட்டு ஓடை ஓடையாக விட்டார்கள், காவல் காத்தார்கள். 1994இல் அதுவே மாநில மீனும் ஆனது. பல பத்தாண்டு உழைப்பு. ஒரு திட்டம் எப்படி நடக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கிறீர்களோ அப்படியே நடந்த திட்டம்.

2012இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. 19ஆம் நூற்றாண்டில் பிடித்து அருங்காட்சியகங்களில் ஸ்பிரிட்டில் போட்டு வைத்திருந்த ட்ரௌட்களிலிருந்து டி.என்.ஏ எடுத்து, இப்போது நீந்திக்கொண்டிருப்பவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஓடைகளில் பாடுபட்டு விட்டவற்றில் பெரும்பாலானவை கிரீன்பேக்கே இல்லை, வேறு கிளை. அசல் மீன் பேர் க்ரீக் என்ற ஒரே ஓடையில், சில கிலோமீட்டர் தூரத்துக்குள், சுமார் 750 மட்டும் இருந்தது. அந்த ஓடையும் அதன் சொந்த ஆற்றுப்படுகை அல்ல. 19ஆம் நூற்றாண்டில் யாரோ கொண்டுவந்து விட்ட மீன்களின் வாரிசுகள் அவை. அத்தனை ஆண்டுகளாக அந்த 750ஐ யாரும் தேடவில்லை. ஏனென்றால், கிரீன்பேக்கைத்தான் ஏற்கெனவே காப்பாற்றியாகிவிட்டதே!

இதில் யாரையும் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. உழைத்தவர்கள் நேர்மையாக உழைத்தார்கள். நடந்தது ஆள்மாறாட்டம், அவ்வளவுதான். ஆனால் அந்த ஆள்மாறாட்டத்தைக் கண்டுபிடித்தது எது என்று பாருங்கள். நூறு ஆண்டுக்கு மேலாக யாரோ ஒருவர் ஸ்பிரிட் வற்றாமல் பார்த்துக்கொண்ட சில ஜாடிகள். நல்லவேளையாக அவை, உடல் அழுகாமல் காக்கும் ரசாயனமான ஃபார்மலின் புழக்கத்துக்கு வருவதற்கு முன்பே பிடிபட்டவை. ஃபார்மலினில் ஊறிய உடலிலிருந்து டி.என்.ஏ எடுப்பது பெரும்பாடு.

இது ஒரு மாநிலத்தின் தனிக்கதை என்று தள்ளிவிட வேண்டாம். சீனத்தின் ராட்சத சலமாண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். உலகின் மிகப் பெரிய நீர்நில வாழ்வி. அது ஒரே இனம் என்ற நம்பிக்கையில் பண்ணைகளில் வளர்த்த சலமாண்டர்களை ஆறுகளில் விட்டுக்கொண்டிருந்தார்கள். எந்த ஆற்றில் பிறந்தது எந்த ஆற்றுக்குப் போகிறது என்று யாரும் கவலைப்படவில்லை. 2018இல் வெளியான மரபணு ஆய்வு, அது குறைந்தது ஐந்து தனி இனங்களாக இருக்கலாம் என்றது. அதே குழுவினர் 97 இடங்களில் தேடினார்கள். 4 இடங்களில் மட்டுமே சலமாண்டர் கிடைத்தது, கிடைத்தவையும் அந்தந்த ஆற்றுக்குச் சொந்தமானவையாகத் தெரியவில்லை. அடுத்த ஆண்டு, லண்டன் உயிரியல் பூங்காவில் 20 ஆண்டுகள் வாழ்ந்து செத்து, அருங்காட்சியகத்தில் கிடந்த ஒரு பழைய உடலை ஆராய்ந்தார்கள். 1920களில் அதற்கு ஆண்ட்ரியாஸ் ஸ்லிகோய் என்று பெயர் வைத்திருந்தார்கள். பிறகு அது தனி இனம் இல்லை என்று அந்தப் பெயரைக் கிடப்பில் போட்டுவிட்டார்கள். 2019இல் அந்தப் பெயருக்கு உயிர் வந்தது. விலங்குக்கு வருமா என்பது வேறு கேள்வி. தப்பான இனத்தை ஆற்றில் விட்டால், இருக்கிற கொஞ்சநஞ்ச அசலும் கலந்து கரைந்துவிடும். அதாவது அந்தப் பாதுகாப்புப் பணி ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

கடலிலும் இதே கதைதான். ஐரோப்பியக் கடல்களின் பெரிய ஸ்கேட் திருக்கைகளை 1926இல் ஓர் ஆய்வாளர் ஒரே பெயருக்குள் அடக்கிவிட்டார். 80 ஆண்டுகளுக்கு மேல் அது அப்படியே இருந்தது. 2009இல்தான் ஒரு பெயருக்குள் இரண்டு இனங்கள் இருப்பது தெளிவானது. ஒன்று ஒன்றரை மீட்டரைத் தாண்டாது. மற்றது இரண்டு மீட்டருக்கு மேல் வளரும், முட்டையிடும் வயதுக்கு வர வெகுகாலம் பிடிக்கும். மீன்பிடித் துறைமுகக் கணக்கில் இரண்டும் ஒரே வரியில் விழுந்தன. பெரியது வலையில் அகப்பட்டுக் குறைந்துகொண்டே போனபோது, சின்னதன் எண்ணிக்கை அதை மறைத்தது. கணக்குப் புத்தகம் பொய் சொல்லவில்லை. அதற்குக் கொடுத்த பெயர்தான் பொய்.

ஆப்பிரிக்க யானைகூட இதற்கு விலக்கல்ல. எந்த இனத்துக்கு எவ்வளவு அழிவு ஆபத்து என்று மதிப்பிடும் உலகச் சிவப்புப் பட்டியலில் 2021 வரை அது ஒரே பதிவு. அடர்காட்டு யானையையும் புல்வெளி யானையையும் தனித்தனியாக மதிப்பிட்டபோதுதான், அடர்காட்டு யானை 31 ஆண்டுகளில் 86 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருப்பதும், அது மிக அபாயமான நிலைக்குப் போய்விட்டதும் அந்தப் பட்டியலில் ஏறியது. உலகமே பார்த்துக்கொண்டிருக்கிற யானைக்கே இந்தக் கதி. ஓடையில் சுண்டுவிரல் நீளத்தில் ஓடும் மீனுக்கு?

அந்தச் சுண்டுவிரல் மீனைப் பற்றித்தான் எனக்குச் சொல்லத் தெரியும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பாதுகாப்புத் திட்டத்தார் கணக்கெடுப்பில் பிடித்த மீன்களை ஒரு ஜாடியில் போட்டு எங்களிடம் அனுப்பினார்கள். பன்னிரண்டு மீன், ஒரே பெயர்ச்சீட்டு. இனத்தின் பெயர் உறுதி என்றும் எழுதியிருந்தது. ஸ்பிரிட்டில் போட்டால் நிறமெல்லாம் போய் எல்லா மீனும் தேயிலைச் சாயத்தில் முக்கினது போல ஆகிவிடும். எனவே நிறத்தை நம்ப முடியாது, எண்ண வேண்டும். உருப்பெருக்கியின் கீழ் ஒவ்வொன்றையும் கிடத்தி, செவுள் மூடியிலிருந்து வால் வரை ஓடும் பக்கக்கோட்டில் எத்தனை செதில் என்று ஊசி முனையால் தொட்டுத் தொட்டு எண்ணினேன். ஏழு மீனில் ஒரு கணக்கு, ஐந்து மீனில் வேறு கணக்கு. நான்தான் தூக்கக் கலக்கத்தில் தப்பாக எண்ணிவிட்டேனோ என்று மறுநாள் காலை மறுபடி எண்ணினேன். அதே ஏழு, அதே ஐந்து. வாயைத் திறந்து உதட்டைப் பார்த்தால் அங்கும் வேறுபாடு. ஐந்து மீன்களுக்கு மட்டும் உதட்டோரத்தில் ஒரு சின்ன மடிப்பு.

அந்த ஐந்தும் புதிய இனமா, ஏற்கெனவே பெயர் வைத்து மறந்துபோன ஒன்றா? தெரிய வேண்டுமானால் அந்தக் குடும்பத்தில் இதுவரை பெயரிடப்பட்ட எல்லாவற்றின் மூல மாதிரிகளையும், அதாவது முதலில் பெயர் வைத்தபோது அந்தப் பெயருக்கு அடையாளமாக எடுத்துவைத்த ஹோலோடைப்களையும், பார்க்க வேண்டும். அவை நான்கு நாட்டு அருங்காட்சியகங்களில் சிதறிக் கிடக்கின்றன. சில விவரிப்புகள் 150 ஆண்டுப் பழமையானவை, லத்தீனில் நாலே வரி. திசு எடுத்து மரபணு வரிசை பார்க்க வேண்டும். இன்னொரு முறை அதே ஓடைக்குப் போய் உயிரோடு நிறம் பார்த்துப் படமெடுக்க வேண்டும். இதற்குத்தான் பணம் கேட்டேன். இதைத்தான் பாதுகாப்புப் பணி அல்ல என்றீர்கள். பன்னிரண்டும் ஒரே இனம் என்று எழுதிய அறிக்கைக்குப் பணம் வந்தது. அந்த ஐந்து மீன்கள் இப்போதும் அலமாரியில்தான் இருக்கின்றன, பெயர் எழுத வேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறியோடு.

இப்படிக் காத்திருப்பது புதிதல்ல. ஓர் உயிரினத்தின் முதல் மாதிரியைப் பிடித்ததற்கும் அதற்குப் பெயர் கிடைப்பதற்கும் இடையே சராசரியாக 21 ஆண்டுகள் ஆகின்றன என்று 2012இல் ஓர் ஆய்வு கணக்குப் போட்டது. புதிய இனம் என்றதும் யாரோ காட்டுக்குள் கத்தியால் கொடியை வெட்டிக்கொண்டு போய்க் கண்டுபிடிப்பதுதான் எல்லோர் மனக்கண்ணிலும் வரும். பாதிக்குப் பாதி அலமாரியில்தான் கண்டுபிடிக்கிறோம் என்று எங்களுக்குள் சொல்லிச் சிரித்துக்கொள்வோம். ஒலிங்கிடோ அப்படி வந்ததுதான். 2013இல் பெயர் பெற்ற இந்தப் பாலூட்டியின் தோல்களும் மண்டையோடுகளும் பல பத்தாண்டுகளாகச் சிகாகோவின் ஃபீல்ட் அருங்காட்சியக இழுப்பறைகளில் கிடந்தன. அதைவிட வேடிக்கை, ரிங்கர்ல் என்ற பெண் ஒலிங்கிடோ ஒன்று 1960களிலும் 70களிலும் அமெரிக்காவில் கூண்டுக்குள்ளேயே வாழ்ந்தது. அதை அதன் உறவு விலங்கான ஒலிங்கோ என்று நினைத்து ஒலிங்கோ ஆண்களோடு இணை சேர்க்கப் பார்த்தார்கள். அது மசியவில்லை. ஊர் மாற்றி, பூங்கா மாற்றி, ஆண் மாற்றிப் பார்த்தார்கள். ரிங்கர்லுக்குப் பிடிவாத குணம் என்று நினைத்துக்கொண்டார்கள். தான் யார் என்று அதற்குத் தெரிந்திருந்தது, பாவம், பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குத்தான் தெரியவில்லை.

உங்கள் பக்கத்து நியாயத்தையும் நான் அறியாதவன் இல்லை. வகைப்பாட்டாளர்களை நம்பிப் பணத்தைக் கொட்டினால், அவர்கள் இருப்பதையெல்லாம் பிளந்து பிளந்து புதிய பெயர் வைத்துக்கொண்டே போவார்களே என்று உங்களில் ஒருவர் என்னிடமே கேட்டிருக்கிறார். நடந்ததுண்டு. பல்லி போலத் தோன்றும் ஊர்வனவான நியூசிலாந்தின் டுவாட்டாராவை 1990இல் இரண்டு இனமாகப் பிரித்தார்கள். ஒரு சிறு தீவின் டுவாட்டாராக்களுக்குத் தனி மரியாதையும் தனி முயற்சியும் கிடைத்தன. இருபது ஆண்டு கழித்து, விரிவான மரபணுச் சான்றுகளோடு, ஒரே இனம்தான் என்று திரும்பி வந்தார்கள். பெயர் வைப்பதற்காகவே பெயர் வைக்கிறவர்களும் எங்கள் கூட்டத்தில் இருக்கிறார்கள். ஆனால் அந்தத் தவற்றைத் திருத்தியதும் வகைப்பாடுதானே? மோசமான வகைப்பாட்டுக்கு மருந்து இன்னும் கவனமான வகைப்பாடு. பணத்தை நிறுத்தினால் தவறுகள் நிற்காது, அவற்றைப் பிடிக்கிற ஆட்கள்தான் இல்லாமல் போவார்கள்.

ஆட்கள் ஏற்கெனவே குறைவு. இதுவரை பெயரிடப்பட்ட இனங்கள் ஏறத்தாழ 20 லட்சம். 2011இல் வெளியான ஒரு மதிப்பீடு, பூமியில் மொத்தம் 87 லட்சம் இனங்கள் இருக்கலாம் என்றது. சிவப்புப் பட்டியல் மதிப்பிட்டிருப்பது ஏறத்தாழ 1 லட்சத்து 70 ஆயிரம்தான். அதிலும் ஆயிரக்கணக்கானவற்றுக்கு நேரே "தரவு போதாது" என்று எழுதியிருக்கிறது. அந்த இரண்டு சொல்லைப் பார்த்ததும் உங்கள் மதிப்பெண் படிவத்தில் அந்த இனத்துக்கு ஆபத்துப் புள்ளி சுழியம் விழுகிறது. தரவு ஏன் போதவில்லை என்று கேட்க அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

இருக்கிற சேகரிப்புகளும் நிரந்தரம் என்று எண்ண வேண்டாம். 2010இல் பிரேசிலின் புட்டான்டன் நிறுவனத்தில் பற்றிய தீ, பல்லாயிரம் பாம்பு மாதிரிகளைத் தின்றது. 2018 செப்டம்பரில் ரியோ டி ஜெனிரோ தேசிய அருங்காட்சியகம் ஒரே இரவில் எரிந்தது. அங்கிருந்த பூச்சித் தொகுப்பில் மட்டும் ஏறக்குறைய 50 லட்சம் பூச்சிகள். தீ வந்தால்தான் அழியும் என்பதும் இல்லை. ஜாடி மூடியின் ரப்பர் வளையம் இறுகிப் பிளந்தால் போதும், ஸ்பிரிட் ஆவியாகிப் போய், ஒருநாள் கையில் எடுத்தால் உள்ளே கருவாடுதான் இருக்கும். மூடியை யார் பார்ப்பது? மூடி மாற்றுவதற்கு நிதி கேட்டு யாரும் விண்ணப்பிப்பதில்லை, விண்ணப்பித்தால் நீங்கள் சிரிப்பீர்கள்.

நான் கேட்பது பெரிய தொகை அல்ல. நீங்கள் நிதி தரும் ஒவ்வொரு கணக்கெடுப்பிலும், "எந்த இனம் என்று யார் உறுதி செய்தார்கள், அதற்கான மாதிரி எந்தச் சேகரிப்பில் இருக்கிறது" என்ற கேள்வியைக் கட்டாயமாக்குங்கள். உறுதி செய்கிறவருக்குக் கூலி கொடுங்கள். இப்போது அந்த வேலையை நட்புக்காகத்தான் செய்துகொடுக்கிறோம். ஓர் உயிரினத்தைப் பிடித்து வளர்த்து வேறிடத்தில் விடும் திட்டம் என்றால், மரபணு ஒப்பீடு முடியாமல் முதல் தவணையைக்கூட விடாதீர்கள். அப்புறம், இரண்டு ஆண்டில் விளைவு காட்டு என்று எங்களை நெருக்காதீர்கள். சில வேளை ஒரு மூல மாதிரியை இரவல் வாங்கவே ஓராண்டு போய்விடும்.

எங்கள் ஜாடிகளில் போடும் சீட்டில் எது இல்லாவிட்டாலும் இரண்டு விவரம் இருந்தாக வேண்டும்: எங்கே பிடித்தது, எந்த இனம். ஊர், பேர். முதல் விவரம் இல்லாத மாதிரி அநேகமாகக் குப்பைக்குச் சமம். இரண்டாவது இல்லாத மாதிரி காத்திருக்கும், ஆனால் அது பிடிபட்ட ஓடை காத்திருக்காது. அந்த ஐந்து மீன் வந்த ஓடையின் மேல்பகுதியில் தண்ணீரைத் திருப்பிவிடும் வேலை தொடங்கிவிட்டதாக, ஜாடியை அனுப்பியவர்களே சென்ற மாதம் சொன்னார்கள். அங்கே பாதுகாக்க வேண்டிய இனம் எதுவும் பதிவாகவில்லை என்று அனுமதி கிடைத்திருக்கிறது. பதிவாகவில்லை என்பது உண்மைதான்.

என் நான்காவது விண்ணப்பம் இந்த மடலோடு சேர்ந்தே உங்களுக்கு வருகிறது. ஏழாம் பக்கத்தில், செலவுக் கணக்கின் அடியில், மூன்று சின்ன வரிகள் இருக்கும்: இரண்டு பீப்பாய் எத்தனால், நூறு மூடிகள், ஒருவருக்கு ஓராண்டுச் சம்பளம். குறைக்க வேண்டுமானால் என் பயணச் செலவைக் குறைத்துக்கொள்ளுங்கள். அந்த மூன்று வரிகளில் மட்டும் கை வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
மீன் ஜாடி அறையிலிருந்து ஒருவன்