சபை வீட்டுக்கு வர வேண்டும்

ஆசிரியருக்கு,

சபை என்பது கட்டிடமல்ல, மக்களே என்று எங்கள் பிரசங்க மேடைகளில் சொல்லாத ஞாயிறு குறைவு. பிரசங்கம் முடிந்ததும் கூரை வேலைக்கு எவ்வளவு குறைகிறது என்ற அறிவிப்பு வரும். கட்டிடம் வேண்டாமென்பதல்ல எங்கள் வாதம். ஆலயத்துக்கு வர முடியாதவரிடம் யார், எந்த நாளில் போகிறார் என்பதற்குப் பதில் வேண்டும்.

1814இல் மிஷனரி வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்குக் கொண்டுவந்த மெதடிஸ்த மரபில் அந்தப் பதில் உண்டு. 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் மெதடிஸ்தர்களிடம் கட்டிடக் கடனை அடைக்க ஆளுக்கு வாரம் ஒரு பெனி கேட்டார்கள். ஏழைகள் எங்கே போவார்கள் என்ற கேள்வி எழுந்தது. கப்டன் ஃபோய் என்பவர், மிக வறிய பதினொரு பேரைத் தன் பொறுப்பில் தரும்படியும் அவர்களால் முடியாவிட்டால் தானே கட்டுவதாகவும் சொன்னார். காசு சேர்க்க வீடுகளுக்குப் போனவர்கள் அங்குள்ள நிலையைக் கண்டுவந்து சொல்ல, மெதடிஸ்த இயக்கத்தின் நிறுவனர் ஜோன் வெஸ்லி அதையே, சிறு குழுவுக்கு ஒரு தலைவர் என்ற வகுப்பு முறையாக்கினார். கட்டிடக் கடன்தான் சபையை வீட்டுக்கு அனுப்பியது!

இன்று செய்யக்கூடியது இது. பன்னிரண்டு வீடுகளை ஒரு வகுப்பாக ஒழுங்கை வாரியாகப் பிரியுங்கள். சொந்தம் பார்த்துப் பிரித்தால் யாருக்கும் சொந்தமில்லாத வீடு விடுபடும். இருவர் போக வேண்டும், ஒருவர் பெண்ணாக. கிழமைக்கு மூன்று வீடு என்றால் மாதத்தில் ஒரு சுற்று முடியும். கொப்பியில் எழுத வேண்டியவை: படுக்கையில் இருப்பவர், கிளினிக் நாள், தாய் மத்திய கிழக்கில் இருந்தால் பிள்ளைகளைப் பார்ப்பவர், நுண்கடன் தவணை, வெள்ளம் வந்தால் வெளியேறும் வழி. ஒரு பிரதி இன்னொருவரிடமும் இருக்கட்டும். எழுதியவர் வெளிநாடு போனால் கொப்பியும் போய்விடும்.

இது பெரும்பாலும் கெட்டுப்போவது மூன்று இடங்களில். ஞாயிறு தவறாமல் வருபவர் வீட்டுக்கே போவது எளிது, வராதவர் வீடுதான் முதலில் போக வேண்டியது. சந்திப்பு சிற்றுண்டியோடு கூடிய ஜெபக்கூட்டமாக வளர்ந்தால் இல்லாதவர்கள் கதவைத் திறக்கத் தயங்குவார்கள். வெறும் தேநீருக்கு மேல் வாங்கக் கூடாது. வீட்டில் கேட்ட கடன் கதை, குடிக் கதை மறு ஞாயிறு ஜெபக்குறிப்பாக ஒலிபெருக்கியில் வந்தால் அந்த வீடு இனிப் பேசாது.

நிவாரணப் பட்டியல் எப்போதும் சண்டை தரும். அப்போஸ்தலர் நடபடிகள் 6ஐப் பாருங்கள்: கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாடப் பகிர்வில் விடுபட்டார்கள். தெரிவான எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்களே. ஆகவே வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைக்கான பட்டியலைக் கிழக்கேயுள்ள எழுவான்கரையில் உட்கார்ந்து எழுதாதீர்கள். பக்கத்து வளவில் இருப்பவர் இந்துவோ முஸ்லிமோ, அவர் வீட்டிலும் தண்ணீர் ஏறியிருக்கும். அரிசிப் பையோடு துண்டுப்பிரசுரம் வைத்தால், அடுத்த முறை உதவி கேட்கவே அவர் கூசுவார். பட்டியலைக் கிராம சேவையாளருக்கும் காட்டினால் ஒரே வீட்டுக்கு இரண்டு பொதி போகாது.

பணத்துக்கு, 1 கொரிந்தியர் 16:2 சொல்வதுபோல் வாரத்தின் முதல் நாளில் வீட்டிலேயே ஒதுக்கிவைக்கலாம். அதிலிருந்து ஒரு சிறு தொகையை வகுப்புத் தலைவர் குழுவைக் கேட்காமல் கொடுக்கவும் பின்னர் கணக்குக் காட்டவும் அனுமதியுங்கள். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ இரவில் தேவைப்படுகிறது. குழு கூடுவதோ மாதத்தில் ஒருமுறை.

மாரி தொடங்குமுன், செப்டெம்பரிலேயே முதல் சுற்றை முடிக்கலாம்.

வகுப்புத் தலைவர்கள் சிலர்,
மட்டக்களப்பு.