கார் விருது கொடுப்பவர்களுக்குக் கடலூர் முதுநகர்ப் பட்டறையிலிருந்து ஒரு மடல்

கார் விருதுகளின் நடுவர்களுக்கும், தமிழில் கார் விமர்சனம் எழுதுகிற, பேசுகிற நண்பர்களுக்கும் வணக்கம்.

கடலூர் முதுநகரில் பத்தொன்பது வருடமாகக் கார் பட்டறை வைத்திருக்கிறேன். இரண்டு குழி, ஒரு கம்ப்ரசர், கூடமாட மூன்று பையன்கள். துறைமுகத்துப் பக்கமிருந்து காற்று அடித்தால் காலையில் துடைத்து வைத்த ஸ்பேனர் சாயங்காலம் பிசுபிசுக்கும். இந்த ஊரில் கார் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் முன்பணம் கட்டும் முன் என்னைப் போன்ற ஒரு மெக்கானிக்கிடம் ஒரு வார்த்தை கேட்பார்கள். இப்போதெல்லாம் உங்களிடமும் கேட்கிறார்கள். உங்கள் விமர்சனத்தைப் போனில் பார்த்துவிட்டு, முடிவு செய்துகொண்டுதான் என்னிடமே வருகிறார்கள். அதனால்தான் இந்த மடல்.

போன ஐப்பசி மழையில் ஒரு அக்கா வண்டி கொண்டுவந்தார். செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். வீடு தேவனாம்பட்டினம் பக்கம். வண்டி எடுத்து மூன்றரை வருடம் ஆகிறது. டிக்கி திறந்தால் கிறீச்சென்று சத்தம் வருகிறது, பாருங்கள் என்றார். பின்கண்ணாடியில் தங்க நிறத்தில் ஒரு விருது ஸ்டிக்கர். வெயிலில் வெளுத்து, ஒரு மூலை பிரிந்து சுருண்டிருந்தது. அதற்கு ஒரு சாண் கீழே, டிக்கிக் கதவின் அடி விளிம்பில், பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. கட்டைவிரல் நகத்தால் லேசாகத் தள்ளினேன். அப்பளம் மாதிரி உடைந்து வந்தது. உள்ளே காவி நிறத்தில் துரு. குழிமேல் ஏற்றி டார்ச் அடித்துப் பார்த்தால் அடிப்பக்கத்து மடிப்புகளிலும் அதே நிறம்தான்.

“விருது வாங்கின வண்டிதானே தம்பி, அதைப் பார்த்துதானே எடுத்தேன்” என்றார். அவர் குரலில் கோபம்கூட இல்லை. பணிக்கொடையாக வந்த பணத்தில் பாதியைப் போட்டு, மீதிக்குத் தவணை கட்டிக்கொண்டிருக்கிறார்.

அன்று ராத்திரி கடை சாத்திய அப்புறம் அந்த வண்டியைப் பற்றி வந்த விமர்சனங்களைத் தேடிப் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள். ஆனால் எழுதியது டர்போ இன்ஜினும் ஆட்டோமேட்டிக் கியரும் வைத்த டாப் மாடலைப் பற்றி. அக்கா எடுத்தது கீழிருந்து இரண்டாவது மாடல். இன்ஜின் வேறு, டயர் வேறு, பிரேக் வேறு. பெயர் மட்டும் ஒன்று. கடற்கரை ஊரில் மூன்று மழைக்காலம் நின்றால் தகடு என்ன ஆகும் என்று ஒரு வரி எங்கேயும் இல்லை. எப்படி இருக்கும்? வண்டி வெளியான வருடமே விருது கொடுத்தாகிவிட்டதே.

இது இன்றைய கதையும் இல்லை, நம் நாட்டுக் கதை மட்டுமும் இல்லை. அமெரிக்காவில் ‘மோட்டார் டிரெண்ட்’ பத்திரிகை 1971ஆம் ஆண்டின் சிறந்த காராக செவர்லே வேகாவைத் தேர்ந்தெடுத்தது. அதே வேகா பிறகு துருவுக்கும் இன்ஜின் கோளாறுக்கும் பேர்போன வண்டி ஆனது. நடுவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லவில்லை. புது வண்டியை ஓட்டிப் பார்த்துப் பிடித்திருந்தது, கொடுத்தார்கள். துரு பிடிக்க வருடம் ஆகும்; விருதுக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

நம் நாட்டு விஷயத்துக்கு வருகிறேன். இது எனக்கு இன்னும் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. ‘இந்தியன் கார் ஆஃப் தி இயர்’ விருதை 2008இல் ஹூண்டாய் ஐ10 வாங்கியது, 2010இல் டாடா நானோ, 2011இல் ஃபோர்டு ஃபிகோ. 2014 ஜனவரியில் ‘குளோபல் என்கேப்’ அமைப்பு இந்தியாவில் விற்கும் ஐந்து சின்ன கார்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதிப் பார்த்தது. ஆல்டோ 800, போலோவோடு இந்த மூன்றும் அதில் இருந்தன. பெரியவர்களின் பாதுகாப்பில் ஐந்து வண்டிக்கும் பூஜ்ய நட்சத்திரம். அதே ஆண்டு நவம்பரில் ஸ்விஃப்டுக்கும் பூஜ்யம்தான். அதுவும் அதற்கு முன் இரண்டு முறை அந்த விருதை வாங்கிய வண்டி.

மோதிப் பார்த்தது ஏர்பேக் இல்லாத கீழ் மாடல்களை. ஃபிகோ, போலோ இரண்டின் கூடு தாங்கியது, ஏர்பேக் இருந்திருந்தால் கதை வேறு என்று அந்த அமைப்பே சொன்னது. ஏர்பேக் வைத்த போலோ நான்கு நட்சத்திரம் வாங்கவும் செய்தது. சட்டமும் அப்போது ஏர்பேக் கேட்கவில்லை. ஓட்டுநர் பக்கத்துக்காவது கட்டாயம் ஆனது 2019 ஜூலையில்தான். எல்லாம் சரி. ஆனால் எங்கள் ஊரில் அதிகம் விற்றது அந்தக் கீழ் மாடல்தான். மோதல் சோதனை முடிவு கையில் இல்லாமல் ‘சிறந்த கார்’ என்று சொல்லும்போது, அந்த முடிவு கையில் இல்லை என்பதையும் பக்கத்திலேயே பெரிதாகச் சொல்லியிருக்கலாம். பண்ருட்டி சாலையில் நேருக்கு நேர் மோதி டேஷ்போர்டு நெஞ்சு வரை வந்த ஒரு வண்டியை நான் இழுத்துவந்து பட்டறையில் நிறுத்தியிருக்கிறேன். இரண்டு நாள் பையன்கள் யாரும் அதன் பக்கம் போகவில்லை.

இப்போது நம் நாட்டுக்கே மோதல் சோதனைத் திட்டம், ‘பாரத் என்கேப்’, வந்துவிட்டது, 2023 அக்டோபரிலிருந்து. இனிமேல் முடிவு வராத வண்டியை விருதுப் பட்டியலில் சேர்க்க மாட்டோம் என்று நீங்கள் ஒரு வரி சொன்னால் போதும். கம்பெனிகள் தாங்களே ஓடி வந்து வண்டியைச் சோதனைக்குக் கொடுப்பார்கள்.

அப்புறம் ஓட்டு எண்ணிக்கை. ஜெர்மனியின் ஏடிஏசி கிட்டத்தட்ட 1.9 கோடி பேர் உறுப்பினராக இருந்த மோட்டார் சங்கம். வழியில் வண்டி நின்றால் மஞ்சள் வேனில் வந்து உதவுவார்கள்; என் தொழிலில் இருக்கிறவனுக்கு அவர்கள்மேல் தனி மரியாதையே உண்டு. அவர்கள் கொடுத்த ‘மஞ்சள் தேவதை’ விருதில், மக்களுக்குப் பிடித்த கார் என்று 2014 ஜனவரியில் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃபை அறிவித்தார்கள். சொன்ன ஓட்டு 34,299. உண்மையில் விழுந்தது 3,409. ஒரு செய்தித்தாள் இதை எழுதியபோது விழா மேடையிலேயே மறுத்தார்கள். சில நாளில் ஒப்புக்கொண்டார்கள். சங்கப் பத்திரிகையின் ஆசிரியர் பதவி விலகினார், அடுத்த மாதம் தலைவரும் போனார். எந்த வண்டி எத்தனையாவது இடம் என்ற வரிசையிலும் கை வைத்திருந்தார்கள் என்று தணிக்கையில் தெரிந்தது. வாங்கிய விருதுகளைக் கம்பெனிகளே திருப்பிக் கொடுக்கும் நிலைமை ஆயிற்று.

இதில் எனக்கு உறைப்பது ஒன்று. அந்தக் கோல்ஃப் மோசமான வண்டியே இல்லை. நல்ல வண்டிக்குக் கொடுத்த விருதும் எண்ணிக்கையை மறைத்ததால் கெட்டுப்போனது. மூவாயிரத்துச் சொச்சம் பேர்தான் ஓட்டுப் போட்டார்கள் என்று சொல்லியிருந்தால் யார் குறை சொல்லியிருப்பார்கள்?

1964இலிருந்து நடக்கிற ஐரோப்பாவின் ‘கார் ஆஃப் தி இயர்’ விருதில் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. நடுவர் ஒவ்வொருவருக்கும் 25 புள்ளி. ஏழு வண்டியில் குறைந்தது ஐந்துக்காவது பிரித்துப் போட வேண்டும். ஒன்றுக்குப் பத்துக்கு மேல் போடக் கூடாது. யார் எதற்கு எவ்வளவு போட்டார், ஏன் போட்டார் என்று பெயரோடு வெளியிடுகிறார்கள். 2019இல் ஜாகுவார் ஐ-பேஸும் ஆல்பைன் ஏ110ம் 250 புள்ளியில் சமமாக நின்றபோதுகூட, எதனால் ஜாகுவாருக்குப் போனது என்று யாரும் குழம்ப வேண்டியிருக்கவில்லை. அதிக நடுவர்கள் முதலிடம் கொடுத்தது அதற்குத்தான். நம்மூர் விருது ஒவ்வொன்றும் இப்படிச் செய்தால் என்ன? எனக்குப் பிடித்த விமர்சகர் ஒருவர் ஒரு வண்டிக்குப் பத்து போட்டாரா, ஒன்று போட்டாரா என்று தெரிந்தால், விருதைவிட எனக்கு அதுதான் பெரிய உதவி.

இனி பணம். சங்கடமான பேச்சுதான், ஆனால் பேசாமல் முடியாது. புது வண்டி வருகிறது என்றால் கம்பெனி அழைக்கிறது. விமான டிக்கெட், பெரிய ஓட்டல், வழவழவென்ற மலைச்சாலை, கையில் அரை நாள் வண்டி. வெளியாகும் முன் வண்டி வேறெங்கும் கிடைக்காது என்பது எனக்கும் தெரியும். சின்னச் சின்ன ஆட்களாக இருந்து தமிழில் கார் பேச வந்த பிள்ளைகள் கைக்காசு போட்டு அங்கே போக முடியாது என்பதும் தெரியும். போகாதீர்கள் என்று நான் கேட்கவில்லை. போனதைச் சொல்லுங்கள். வீடியோவின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் போடாமல், முதல் நிமிடத்தில் வாயால் சொல்லுங்கள். இது என் ஆசை மட்டுமும் இல்லை. இலவசப் பயணம், ஓட்டல் தங்கல், பரிசு எதுவாக இருந்தாலும் வெளிப்படையாக, எளிதாகத் தெரிகிற மாதிரி சொல்ல வேண்டும் என்று 2023 ஜனவரியிலேயே மத்திய அரசு வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு முதல் முறை பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் போடச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

உண்மையை எழுதினால் விளம்பரம் போய்விடும் என்ற பயம் வெறும் பயம் இல்லை. டான் நீல் என்பவர் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸில் கார் விமர்சனம் எழுதி 2004இல் அமெரிக்கப் பத்திரிகை உலகின் பெரிய விருதான புலிட்சர் பரிசே வாங்கினார். மறுவருடம் போன்டியாக் ஜி6 வண்டியைப் பற்றிக் கடுமையாக எழுதியதும் ஜெனரல் மோட்டார்ஸ் அந்தப் பத்திரிகையிலிருந்து விளம்பரத்தை எடுத்துவிட்டது. பத்திரிகை பின்வாங்கவில்லை, சில மாதத்தில் விளம்பரம் திரும்பி வந்தது. எல்லோராலும் அப்படித் தாக்குப் பிடிக்க முடியாது, ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் அமெரிக்காவின் ‘கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்’ ஆட்கள் விளம்பரமே வாங்காமல், பெயர் சொல்லாமல் சாதாரண ஆள் போல ஷோரூமில் காசு கொடுத்து வண்டி வாங்கிச் சோதிக்கிறார்கள். நமக்கு அவ்வளவு வசதி இல்லை. ஆனால் உங்கள் வாசகர் ஒருவர் சொந்தமாக வாங்கிய வண்டியை, ஆறு மாதம் கழித்து ஒரு வாரம் கேட்டு ஓட்டிப் பார்க்கலாமே. கேட்டால் கொடுப்பார்கள். கடலூரில் நானே நாலு பேரிடம் வாங்கித் தருகிறேன்.

கம்பெனி சொன்னதை அப்படியே எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு ஃபோக்ஸ்வாகன் டீசல் விவகாரம் இருக்கிறது. ஜெட்டா டீசலுக்கு 2009ஆம் ஆண்டின் ‘பசுமைக் கார்’ விருது, ஆடி ஏ3 டீசலுக்கு 2010இல் அதே விருது. சோதனையில் மட்டும் புகையைக் குறைத்துக் காட்டிய மோசடி 2015இல் வெளியானதும் இரண்டும் பறிக்கப்பட்டன. கண்டுபிடித்தது கார் பத்திரிகைக்காரர்கள் இல்லை. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக் குழு ஒன்று, புகையை அளக்கும் கருவியை வண்டியிலேயே கட்டிக்கொண்டு லாஸ் ஏஞ்சலஸிலிருந்து சியாட்டில் வரை சாலையில் ஓட்டிப் பார்த்தது. அந்தக் குழுவில் அரவிந்த் திருவேங்கடம் என்று நம்மவர் ஒருவரும் இருந்தார். சாலையில் ஓட்டிப் பார்த்தார்கள், அவ்வளவுதான். அந்த வேலையைத்தான் உங்களிடமும் கேட்கிறேன்.

எங்கள் சாலை ஒன்றும் தொலைவில் இல்லை. புதுச்சேரி வரைக்கும் வந்து பிரெஞ்சுத் தெருவில் மஞ்சள் சுவர் பக்கத்தில் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கிறீர்கள், பார்க்கிறேன். அங்கிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். ஐப்பசி, கார்த்திகையில் வாருங்கள். லாரன்ஸ் ரோட்டு நெரிசலில் முதல் கியரிலும் இரண்டாவதிலும் மாறி மாறி ஓட்டுங்கள். ஒரு ராத்திரி தேவனாம்பட்டினத்தில் மூடாமல் நிறுத்துங்கள். மழைத்தண்ணீர் தேங்கின தெருவில் மெதுவாக ஓட்டிவிட்டு, அடுத்த நாள் என் குழிமேல் ஏற்றுங்கள். டார்ச்சும் கூலியில்லாத கண்ணும் என்னுடையது. பார்த்ததை நீங்களே எழுதுங்கள், என் பெயர் வேண்டாம்.

அந்த அக்காவின் மகளுக்கு இப்போது புதுச்சேரியில் வேலை. தை பிறந்ததும் கார் எடுக்கப் போகிறாள். மூன்று வண்டியின் பெயரை ஒரு மருந்துச்சீட்டின் பின்னால் எழுதி என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார் அக்கா. மூன்றில் இரண்டு விருது வாங்கியவை. எந்த மாடலை ஓட்டிப் பார்த்துக் கொடுத்தீர்கள், யார் செலவில் ஓட்டினீர்கள், யார் எத்தனை புள்ளி போட்டார் என்ற விவரத்தைத் தைக்கு முன் வெளியிடுங்கள். அச்செடுத்து அந்தச் சீட்டோடு சேர்த்து அக்காவிடம் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மெக்கானிக்,
கடலூர் முதுநகர்.