அரையாண்டு நிறைவும் புதுச்சேரி மரபு நடையும்: பெற்றோருக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வுகள் நல்லபடியாக முடிந்தன. விடைத்தாள்கள் பள்ளி திறந்த முதல் வாரத்தில் பிள்ளைகளிடம் தரப்படும், பார்த்துக் கையொப்பமிட்டு அனுப்புங்கள். விளையாட்டுப் போட்டிகளில் நம் மாணவர்கள் பரிசுகள் வாங்கியிருக்கிறார்கள். அறிவியல் கண்காட்சியும் சிறப்பாக நடந்தது. பங்கேற்ற அனைவருக்கும் வாழ்த்துகள்.

ஜனவரி கடைசிச் சனிக்கிழமை 8-ஆம் வகுப்பு மாணவர்கள் 40 பேரைப் புதுச்சேரிக்கு மரபு நடைக்காக, அதாவது பழைய தெருக்களையும் கட்டடங்களையும் நடந்தே பார்த்து அறிவதற்காக, அழைத்துச் செல்கிறோம். ஒப்புதல் படிவம் இத்துடன் உள்ளது. கையெழுத்துப் போடுமுன் இந்தக் கடிதத்தை முழுவதும் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பாண்டிதானே, பக்கத்து ஊர்தானே என்று தோன்றலாம். ஆனால் கடலூர்ப் பிள்ளைகள் அந்தத் தெருக்களை அறிந்துகொள்ளத் தனிக் காரணம் உண்டு. நம் தேவனாம்பட்டினத்தில் ஆங்கிலேயர் வைத்திருந்த செயின்ட் டேவிட் கோட்டையை 1758-இல் தளபதி லாலியின் பிரெஞ்சுப் படை பிடித்து இடித்தது. 1761-இல் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்தபோது பதிலுக்கு அந்த நகரத்தைத் தரைமட்டமாக்கினார்கள். 1765-இல் பிரெஞ்சுக்காரரிடம் திரும்பிய பிறகு, பழைய தெருக்கோட்டிலேயே மீண்டும் எழும்பியதுதான் இன்று எல்லோரும் ஒயிட் டவுன் என்று தேடிப்போகும் பகுதி. பாரதியார் 1908 முதல் பத்தாண்டுகள் வாழ்ந்ததும் புதுச்சேரியில்தான். 1918 நவம்பரில் அங்கிருந்து கிளம்பியவர் கடலூர் அருகே கைதாகி நம் ஊர்ச் சிறையில் அடைக்கப்பட்டார்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். சென்ற பருவத்தில் 9-ஆம் வகுப்பினர் அங்கே சென்றபோது கைப்பேசி கொண்டுவரக் கூடாது என்று முன்பே அறிவித்திருந்தோம். இருந்தும் பல பைகளிலிருந்து கைப்பேசிகள் வெளிவந்தன. ஒயிட் டவுனின் துமாஸ் வீதியில் ஒரு வீட்டு வாசற்படியில் ஏறி நின்று ரீல்ஸ் எடுத்திருக்கிறார்கள். காலையில் கதவைத் திறந்த முதியவரால் தன் வீட்டுக்குள்ளிருந்து வெளியே வர முடியவில்லை. அவர் சத்தம் போடாமல் நம் ஆசிரியரிடம் வருத்தத்தோடு சொன்னார். அது மனதில் தைத்தது. அந்த மஞ்சள் சுவர்களுக்குப் பின்னால் குடும்பங்கள் வாழ்கின்றன. சமைக்கிறார்கள், நோயாளியைப் பார்த்துக்கொள்கிறார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள்.

சுவரைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒரு காலை மடித்துப் பின்சுவரில் ஊன்றி நிற்பது இப்போது வழக்கமான போஸ் ஆகிவிட்டது. அந்தப் பழைய சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டவை, மேலே சுண்ணாம்பு அடித்திருக்கும். கடற்காற்றில் சுவருக்குள் ஏறும் ஈரம் அந்தப் பூச்சின் வழியாகத்தான் ஆவியாகி வெளியேறுகிறது. அதனால் மேற்பரப்பு மாவு போல மென்மையாக இருக்கும், கையை வைத்தாலே ஒட்டும். ஷூ அடியின் கறுப்புத் தடம் பட்டால் துடைத்து எடுக்க முடியாது. ஈரத்துணியால் தேய்த்தால் நிறமும் சேர்ந்து வந்துவிடும். அந்த இடத்தில் மட்டும் பூசினால் நிறம் சேராது, முழுச் சுவரையும் அடிக்கவேண்டும். அவசரத்துக்கு சிமெண்ட் வைத்து ஒட்டுப் போட்டால் ஈரம் உள்ளேயே நின்று, ஒட்டின் ஓரத்தில் காரை உப்பி உதிரும். செலவெல்லாம் வீட்டுக்காரர் தலையில்.

ஆகவே இந்த முறை முதல் விதி: கைப்பேசி வேண்டாம். பேருந்தில் ஏறுமுன் பைகள் பார்க்கப்படும். கைப்பேசி இருந்தால் அந்த மாணவர் பள்ளியிலேயே இருந்து வகுப்புப் பாடத்தைப் படிப்பார், கட்டணமும் திரும்பக் கிடைக்காது. "அவசரத்துக்கு இருக்கட்டும்" என்று சாப்பாட்டுப் பைக்குள் வைத்து அனுப்பியது பிள்ளைகளல்ல, பெற்றோர் சிலரே என்பதும் எங்களுக்குத் தெரியும். அதேபோல் இருசக்கர வாகனத்தில் பின்தொடர்ந்து வந்து நடுவழியில் பிள்ளையை அழைத்துச் செல்வதையும் ஏற்க மாட்டோம். போன முறை ஒரு மாணவி எண்ணிக்கையில் இல்லாமல் போக, மொத்தக் குழுவும் வெயிலில் காத்து நின்றது. தகப்பனார் கூட்டிப்போன செய்தி பிறகுதான் தெரிந்தது.

உங்கள் கவலை நியாயமானது, எங்களுக்குப் புரிகிறது. அதனால் பத்துப் பேருக்கு ஓர் ஆசிரியர் வீதம் நால்வர் உடன் வருவார்கள். நால்வரிடமும் கைப்பேசி இருக்கும், எண்கள் படிவத்தின் பின்பக்கம் உள்ளன. படங்களை ஆசிரியர்களே எடுத்து இரண்டு நாளில் வகுப்புக் குழுவில் அனுப்புவார்கள். பிள்ளைகள் கோடு போடாத நோட்டும் பென்சிலும் கொண்டுவரட்டும். நகரைப் பிரிக்கும் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே பிரெஞ்சுப் பகுதியில் ஒரு கதவையும், மேற்கே தமிழர் பகுதியான வைசியாள் வீதியில் ஒரு திண்ணையையும் எதிர்ப்புறம் நின்று வரையவேண்டும். கிழக்கே உயர்ந்த மதிலும் பூட்டிய வாயிலும், மேற்கே தெருவில் போகிறவர் உட்கார்ந்து இளைப்பாறத் திண்ணையும் தாழ்வாரமும். இந்த வேறுபாடு வரையும்போது தானாகவே கண்ணில் படும்.

பேருந்து காலை 5.45-க்குப் புறப்படும். கடற்கரைச் சாலையில் மாலை 6 முதல் காலை 7.30 வரை வாகனங்கள் போக முடியாது என்பதால் ரயில் நிலையம் அருகே இறங்கி நடப்போம். கப்ஸ் கோயில் என்னும் தேவாலயம், காந்தி சிலை, 1836-இல் ஏற்றிய பழைய கலங்கரை விளக்கம், பாரதி பூங்காவில் ஆயி மண்டபம், பிறகு பெரிய வாய்க்காலைத் தாண்டி வைசியாள் வீதி, கடைசியாக ஈஸ்வரன் தர்மராஜா கோவில் வீதியில் பாரதியார் வீடு. சுமார் மூன்று கிலோமீட்டர். வடக்கு தெற்காகப் போகும் தெருக்களில் காலையில் கிழக்கு ஓரம் நிழல் இருக்கும், அந்தப் பக்கமே ஒற்றை வரிசையில் நடப்போம். பத்து மணிக்கு மேல் அந்த நிழலும் சுருங்கிவிடும், சுற்றுலாக் கூட்டமும் சேர்ந்துவிடும். இவ்வளவு சீக்கிரம் கிளம்புவது அதனால்தான்.

ஒரு லிட்டர் தண்ணீர், தொப்பி, பழகிய ஷூ போதும். புது ஷூ வேண்டாம், கொப்புளம் போட்டுவிடும். காலை உணவாகப் பொடி தடவிய இட்லி கொடுத்தனுப்புங்கள். தேங்காய்ச் சட்னி பூங்காவில் பையைத் திறப்பதற்குள் புளித்துவிடும். உள் தெருக்களில் கழிவறை கிடைப்பது சிரமம் என்பதால் கடற்கரைச் சாலையிலேயே போய்வரச் சொல்வோம். இதை வீட்டிலும் ஒருமுறை சொல்லிவையுங்கள். மதியம் 12.30-க்குப் பள்ளி வாயிலில் வந்து அழைத்துக்கொள்ளலாம்.

போன முறை பிள்ளைகளை நேரத்துக்குக் கொண்டுவந்து விட்ட பெற்றோர்களுக்கும், வண்டிகளை ஒழுங்காக நிறுத்த வாயிலில் நின்று உதவிய தகப்பனார்களுக்கும் மனமார்ந்த நன்றி. இந்த முறையும் உங்கள் ஒத்துழைப்பை நம்பியே ஏற்பாடுகளைச் செய்திருக்கிறோம். படிவத்தைப் பள்ளி திறந்த மூன்றாம் நாளுக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்க்கவும். அனைவருக்கும் பொங்கல் வாழ்த்துகள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்
கடலூர்