யார்க் நகரின் அந்தக் கோபுரத்தையும் குறிப்பிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் இங்கிலாந்தின் யார்க் நகரைப் பற்றி வெளியான பயணக் கட்டுரையை ஆவலோடு வாசித்தேன். லீட்ஸில் குடியிருக்கும் நாங்கள் அண்மையில்தான் என் தாயாரையும் இரு குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு, ரயிலில் அரை மணி நேரத்துக்குள் சென்றுவிடக்கூடிய அந்நகரில் ஒரு பகல் முழுவதையும் கழித்துத் திரும்பினோம். கட்டுரையாளர் ஷாம்பிள்ஸ் தெருவின் சாய்ந்த மர வீடுகளையும் பேராலயத்தின் வெளித்தோற்றத்தையும் அழகாகவே வருணித்திருக்கிறார். ஆனால் குடும்பத்தோடு செல்வோருக்கு அரை நாள் போதும் என்று அவர் சொல்வதையும், கிளிஃபோர்ட் கோபுரத்தைப் புகைப்படம் எடுக்க ஏற்ற மேடு என்ற அளவில் கடந்து சென்றிருப்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை. குழந்தைகளை அழைத்துச் செல்வோர் அந்தக் கோபுரத்தின் வரலாற்றைத் தெரிந்துகொண்டே போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

யார்க்கில் நாளைத் தொடங்க மதிலே தக்க இடம். ஏறத்தாழ 3.4 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தச் சுற்றுமதிலின்மேல் நடக்கக் கட்டணம் இல்லை. காலையில் திறந்து, இருட்டத் தொடங்கும்போது பூட்டிவிடுவார்கள். கி.பி. 71இல் ரோமப் படையின் ஒன்பதாம் லீஜியன் என்னும் படைப்பிரிவு இங்கே எபோராக்கம் என்ற கோட்டையை அமைத்தது. 306இல் பேரரசர் கான்ஸ்டான்டியஸ் இங்கே இறந்தபோது, அவருடைய மகன் கான்ஸ்டன்டைனைப் படைவீரர்கள் பேரரசராக அறிவித்ததும் இந்நகரில்தான். எனினும் இன்று நாம் நடக்கும் மதிலின் பெரும்பகுதி இடைக்காலத்தில் எழுந்தது. அது இன்றுவரை நிற்பதற்கு நகரத்தாரே காரணம். 1800இல் நகராட்சியே இந்த மதிலை இடித்துவிட நாடாளுமன்றத்தின் அனுமதியை நாடியது. பேராயரும் குடிமக்களும் எதிர்த்தார்கள். பல ஆண்டுகள் நீடித்த அந்த இழுபறியில் மூன்று வாயில்களின் முன்னரண்கள் இடிபட்டுப்போயின. வால்ம்கேட் வாயிலின் முன்னரண் மட்டுமே தப்பியது. மதிலைக் காக்கக் குரல் கொடுத்தவர்களில் ஒருவரான ஓவியர் வில்லியம் எட்டி இவ்வூரிலேயே பிறந்தவர். ஓவியக் காட்சியகத்தின் முன் அவருக்குச் சிலை இருக்கிறது. என் குழந்தைகள் மன்னர்களின் பெயர்களைவிட இந்த ஓவியரின் கதையைத்தான் அதிக அக்கறையோடு கேட்டார்கள்.

முழு மதிலையும் நடக்க இயலாதவர்கள் பூத்தம் வாயிலில் ஏறி மங்க் வாயிலில் இறங்கினால் போதும். பேராலயம் மிக அருகில் தெரிவது அந்தப் பகுதியில்தான். படிகள் செங்குத்தானவை, உட்புறத்தில் பல இடங்களில் கைப்பிடிச் சுவர் கிடையாது, குழந்தை வண்டியை மேலே கொண்டுசெல்ல வழியில்லை. முழங்கால் வலியுள்ள என் தாயார் அந்த நேரத்தில் செயின்ட் மேரி மடத்தின் இடிபாடுகள் நிற்கும் அருங்காட்சியகப் பூங்காவில் அமர்ந்திருந்தார். அங்கும் கட்டணம் இல்லை. முதியோரோடு செல்லும் குடும்பங்களுக்கு இத்தகைய குறிப்புகள் ஒரு கட்டுரையில் அவசியம் இருக்க வேண்டும்.

பேராலயத்தை வெளியிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்புவது பேரிழப்பு. கவன்ட்ரியைச் சேர்ந்த ஜான் தார்ன்டன் 1405 முதல் 1408 வரை உருவாக்கிய கிழக்குப் பெருஞ்சாளரம், உலகத்தின் தோற்றத்தையும் முடிவையும் வண்ணக் கண்ணாடியில் சொல்கிறது. 1984 ஜூலை 9ஆம் நாள் அதிகாலையில் தீப்பிடித்துத் தென்புறக் கூரை எரிந்து விழுந்தது. அதை மீண்டும் கட்டியபோது, பிபிசியின் 'புளூ பீட்டர்' என்ற சிறுவர் நிகழ்ச்சி ஒரு போட்டி நடத்தியது. அதில் வென்ற குழந்தைகளின் ஓவியங்கள், கூரையின் வளைவுகள் சந்திக்கும் இடங்களில் பொருத்தும் மரக்குமிழ்களில் செதுக்கப்பட்டன. நிலவில் மனிதன் கால்வைத்த காட்சியும், திமிங்கிலங்களைக் காக்கச் சொல்லும் காட்சியும் ஓர் இடைக்காலப் பேராலயத்தின் கூரையில் இருக்கின்றன. தங்களைப் போன்ற குழந்தைகள் வரைந்தவை அவை என்று அறிந்ததும் என் மகன் அங்கிருந்து நகர மறுத்துவிட்டான்.

இனி கிளிஃபோர்ட் கோபுரம். பசும்புல் மேட்டின்மேல் இன்று நிற்கும் கற்கோபுரம் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதற்கு முன் அங்கே மரக்கோபுரம் ஒன்று இருந்தது. 1190 மார்ச் மாதத்தில் இந்நகரில் யூதர்களின் வீடுகள் தாக்கப்பட்டபோது, அரசரின் பாதுகாப்பில் இருப்பவர்கள் என்ற உரிமையோடு அவர்கள் அரசரின் கோட்டைக்குள் தஞ்சம் புகுந்தார்கள். வெளியே கூட்டம் சூழ்ந்துகொண்டது. தப்பிக்க வழியில்லை என்று கண்ட பலர், மார்ச் 16ஆம் நாள் இரவு, கூட்டத்தின் கையில் சிக்குவதைவிடத் தங்கள் கையாலேயே இறப்பதைத் தேர்ந்தார்கள். உயிருக்கு உறுதி அளிக்கப்பட்டதை நம்பி வெளியே வந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். இறந்தவர்கள் ஏறத்தாழ 150 பேர். தாக்குதலை முன்னின்று நடத்தியவர்களில் யூதர்களிடம் கடன்பட்டிருந்த செல்வந்தர்களும் இருந்தார்கள். கொலைகள் முடிந்ததும் அவர்கள் பேராலயத்துக்குச் சென்று, அங்கே பாதுகாப்பில் இருந்த கடன் பத்திரங்களை எரித்தார்கள். காலையில் நாங்கள் வியந்து நின்ற அதே பேராலயத்தில்தான் இது நடந்தது. நூறு ஆண்டுகள் கழித்து, 1290இல், யூதர்கள் இங்கிலாந்திலிருந்தே வெளியேற்றப்பட்டார்கள்.

இதைக் குழந்தைகளிடம் சொல்ல வேண்டுமா என்று என் கணவர் தயங்கினார். அவருடைய தயக்கத்தில் நியாயம் உண்டு. சிறியவனிடம், பக்கத்து வீட்டுக்காரர்களே துரத்தியதால் சிலர் இங்கே ஒளிந்தார்கள், அவர்களை யாரும் காப்பாற்றவில்லை என்ற அளவில் நிறுத்திக்கொண்டோம். மேல்நிலைப் பள்ளியில் படிக்கும் மகளிடம் முழுவதையும் சொன்னோம். "அரசரோட கோட்டைக்குள்ளேயே போயிட்டாங்களே, அப்புறமும் ஏன் காப்பாத்தலை?" என்று அவள் கேட்டாள். ரிச்சர்டு மன்னர் அப்போது சிலுவைப் போருக்கான ஆயத்தத்தோடு கடல் கடந்து இருந்தார் என்பதைச் சொன்னோம். அந்தப் பதில் அவளுக்குப் போதவில்லை, போதவும் கூடாது. வெறும் காட்சி மேடாக அதைக் காட்டிவிட்டு இறங்கியிருந்தால் இந்தக் கேள்வி அவளுக்கு எழுந்திருக்காது. பள்ளியில் வரலாறு படிக்கும் வயதுப் பிள்ளைகளை அந்த இடத்துக்கே அழைத்துச் சென்று, உண்மையை மறைத்துத் திரும்புவது அவர்களுக்கும் இறந்தவர்களுக்கும் நாம் செய்யும் அநீதி.

மாலையில் குழந்தைகள் களிப்படைய இடங்களுக்குக் குறைவில்லை. கோப்பர்கேட்டில் 1976 முதல் 1981 வரை நடந்த அகழாய்வில், ஈரமண் கெடாமல் காத்துவைத்திருந்த, ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்த வைக்கிங்குகளின் காலத்து மரச்சாமான்களும் தோல் காலணிகளும் கம்பளிக் காலுறை ஒன்றும் கிடைத்தன. அவ்விடத்திலேயே, அந்தக் கால வாழ்வைக் காட்டும் யோர்விக் மையம் 1984இல் திறக்கப்பட்டது. ரயில் நிலையத்தை ஒட்டியுள்ள தேசிய ரயில்வே அருங்காட்சியகத்தில் நுழைவு இலவசம்; 1938இல் மணிக்கு 126 மைல் வேகத்தை எட்டிய 'மாலார்ட்' நீராவி எஞ்சின் அங்கே இருக்கிறது. இவற்றையெல்லாம் அரை நாளில் எப்படி அடக்குவது?

ஆகவே, கட்டுரைக்கு ஒரு சிறு பின்குறிப்பாவது வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கோபுரத்துக்குள் செல்லக் கட்டணம் உண்டு. ஆனால் இறந்தவர்களின் நினைவாக 1978இல் வைக்கப்பட்ட கல்வெட்டு மேட்டின் அடியிலேயே இருப்பதால், மேலே ஏறாதவர்களும் அதைப் படிக்கலாம். படிகளில் ஏற முடியாத என் தாயார் அங்கே நின்றுதான் என் மகளிடம் அந்த வரலாற்றைக் கேட்டறிந்தார்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
லீட்ஸ், இங்கிலாந்து