5ஆம் பருவத்தில் வந்த செவிலியர் மாணவி 7ஆம் பருவத்திலும் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காசிமேட்டை ஒட்டிய எங்கள் தெருவுக்கு ஆண்டுதோறும் ஏதாவதொரு செவிலியர் கல்லூரியிலிருந்து மாணவியர் குழுவாக வருகிறார்கள். வீட்டில் எத்தனை பேர், கழிப்பறை உண்டா, குடிநீரைக் காய்ச்சுகிறீர்களா என்று கேட்டுப் படிவத்தை நிரப்பிக்கொண்டு, சர்க்கரை நோய் பற்றிப் படம் வரைந்த அட்டையைக் காட்டிப் பத்து நிமிடம் பேசிவிட்டுப் போகிறார்கள். அடுத்த ஆண்டு வேறு குழு வருகிறது, கேள்விகள் மாறுவதில்லை. "போன வருஷம் எழுதிக்கினு போனீங்களே, அது இன்னாம்மா ஆச்சு?" என்று அண்மையில் பக்கத்து வீட்டு அம்மாள் கேட்டபோது, மாணவியிடம் பதில் இல்லை. அந்தப் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வுபெற்ற நானும் படிக்கும் காலத்தில் இப்படித்தான் படிவம் நிரப்பினேன்.

அந்த அம்மாள் மீன் விற்பவர். விடியுமுன் துறைமுகத்துக்கு ஏலம் எடுக்கப் போகிறவர், கூடையைக் காலி செய்து வீடு திரும்பப் பிற்பகல் ஆகிவிடும். முற்பகலில் வரும் மாணவியர் பூட்டிய கதவைத்தான் பார்ப்பார்கள். ஏப்ரல் 15 முதல் 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலம் என்பதால்தான் அன்று அவர் வீட்டில் இருந்தார். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள், காலையில் நடைப்பயிற்சி செய்யுங்கள் என்று அவருக்குச் சொல்லப்பட்டது. கூடையைச் சுமந்துகொண்டு தெருத்தெருவாக நடப்பவருக்கு இந்த அறிவுரை! மாத்திரையை எப்போது போடுவது, குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டில் இன்சுலினை எங்கே வைப்பது என்பவையே அவர் கேட்க நினைத்த கேள்விகள். கேட்கத்தான் நேரம் வாய்க்கவில்லை.

இந்த மாணவியருக்கு வேண்டியது சேவைவழிக் கற்றல். அதாவது, மக்கள் சொல்லும் தேவையிலிருந்து வேலையைத் தொடங்கி, செய்ததைப் பின்னர் எண்ணிப் பார்த்து, கற்றதோடு அதே மக்களிடம் திரும்பி வருவது. சில வாரப் பயிற்சியில் அது கைகூடாது. சாதாரணக் காசநோய்ச் சிகிச்சைக்கே 6 மாதம் ஆகிறது. இரண்டாம் மாதத்தில் இருமல் நின்றதும் மருந்தை நிறுத்திவிடும் நோயாளியை, அவர் வீட்டுக்குத் தொடர்ந்து போகிறவர்தான் கண்டுபிடிக்க முடியும்.

இதற்குப் புதிய பாடத்திட்டம் வேண்டியதில்லை. இந்திய செவிலியர் கவுன்சில் 2021இல் திருத்திய இளங்கலைப் பாடத்திட்டத்தில் சமுதாய நலச் செவிலியம் 5ஆம் பருவத்திலும் (செமஸ்டர்) 7ஆம் பருவத்திலும் வருகிறது. முதலில் பார்த்த அதே இருபது வீடுகளையே ஓராண்டு கழித்து அந்த மாணவிக்குத் திரும்பவும் ஒதுக்கலாம். இடைப்பட்ட காலத்தில், 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலப் பெண்களிடம் அந்த வீடுகளின் விவரங்களை ஒப்படைத்துச் செல்லலாம். பிற்பகல் மூன்று மணிக்குமேல் வருவது இன்னும் எளிது. கல்லூரிப் பேருந்தின் நேரத்தை மாற்றினால் போதும். ஒவ்வொரு குழுவும் தான் கண்டதைத் தமிழில் ஒரே பக்கமாக எழுதி, எங்கள் தெரு அங்கன்வாடிச் சுவரில் ஒட்டிவிட்டுப் போகட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுகாதாரச் செவிலியர் ஒருவர்,
காசிமேடு, சென்னை.