ஜன்னலைத் திறந்துவிட்டார்கள், அம்மா

லண்டன்
21 ஜூன் 2020, ஞாயிறு

அன்புள்ள அம்மாவுக்கு,

நீ நோட்டுப் பேப்பரில் எழுதி, தம்பி போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய கடிதம் வந்து பதினெட்டு நாளாகிறது. வேலை அதிகம் என்று சொல்லலாம், ஆனால் உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன் என்றுதான் மெசேஜோடு நிறுத்திக்கொண்டேன். கோபப்படாதே.

நன்றாகச் சாப்பிடுகிறேன். ஈஸ்ட் ஹாம் பக்கம் போனால் பொன்னி அரிசி, முருங்கைக்காய் எல்லாம் கிடைக்கும். நீ கொடுத்தனுப்பிய குழம்புப் பொடி ஒரு ஸ்பூன் மிச்சம் இருக்கிறது, அதைப் போட மனசு வரவில்லை, டப்பாவைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு மூடிவிடுகிறேன். ரூம் மாற்றிவிட்டேன். பழையது எனக்கு ரொம்பப் பெரிசு. இப்போது கேரளத்து அக்காவும் நானும் ஒரே ரூமில், பேச்சுத்துணைக்கு நல்லது. பணம் எதுவும் அனுப்ப வேண்டாம், அத்தையிடமும் கேட்காதே.

பக்கத்து வீட்டுத் தாத்தாவைப் பற்றிச் சொன்னேனே, வியாழக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு கொரோனாவில் உழைக்கும் நர்ஸ்களுக்காக ஊரே கைதட்டும்போது வாணலியைத் தட்டுவாரே, அவர்தான். மே 28-ஓடு ஊர் நிறுத்திவிட்டது. அவர் நிறுத்தவில்லை. நான் டியூட்டி முடிந்து வந்தால் எந்தக் கிழமையானாலும் வாசலுக்கு வந்து நாலு தட்டு தட்டிவிட்டு உள்ளே போய்விடுவார்.

படிக்கிற பிள்ளைகளைக் கட்டாயப்படுத்திக் கொரோனா வார்டுக்கு அனுப்புகிறார்களா என்று நீ கேட்டதற்கு வருகிறேன். யாரும் எங்களைக் கட்டாயப்படுத்தவில்லை அம்மா. மார்ச்சில் நர்ஸிங் கவுன்சில் அவசர விதி போட்டது, கடைசி ஆறு மாதத்தில் இருக்கும் மாணவிகள் விரும்பினால் சம்பளத்துக்கு வார்டில் வேலை செய்யலாம் என்று. நானே பெயர் கொடுத்தேன். ஆனால் கிளாஸில் படித்ததில் ஏப்ரல் மாதம் இல்லை. ஒரு பாட்டிக்கு மூச்சு குறைந்துகொண்டே வந்தது, வீட்டு ஆட்களை உள்ளே விடமாட்டார்கள், அவர் மகள் வேறு ஊரில். அவர் வீடியோ காலில் பார்க்க டேப்லெட்டை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்த மகள், "அம்மாவுக்குத் தலை கலைந்திருந்தால் பிடிக்காது, கொஞ்சம் சீவிவிடுவாயா" என்றாள். இரண்டு கையுறை போட்ட கையால் சீவினேன், நரைமுடி கையுறையில் ஒட்டிக்கொண்டே வந்தது. முடிந்ததும் சிஸ்டர் வந்து ஜன்னலைத் திறந்துவிட்டார்கள். உயிர் போக வழி விடுவது இங்கே நர்ஸ்களின் பழைய வழக்கமாம். நம் வீட்டில் ஆயா போனபோது தலைமாட்டில் நீ விளக்கு வைத்தது ஞாபகம் வந்துவிட்டது.

அன்று டிரெஸ் மாற்றும் ரூமில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். "நான் வெறும் ஸ்டூடன்ட், இதற்கு அழலாமா" என்று கேட்டதற்கு, "அழாதவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பயம்" என்றார் அந்த சிஸ்டர். அப்புறம் ஷிப்ட் முடிந்ததும் எங்கள் நாலு பேரை ஸ்டோர் ரூமில் பத்து நிமிஷம் உட்காரவைக்க ஆரம்பித்தார், அன்றைக்கு மனசில் தங்கினதை ஆளுக்கு ஒன்று சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும். காலேஜில் கவுன்சிலிங்குக்கு ஒரு நம்பர் கொடுத்திருக்கிறார்கள், நல்லதுதான், ஆனால் என்னை நிற்கவைத்தது இந்தப் பத்து நிமிஷம்தான். தூக்கத்தில் மட்டும் இன்னும் மானிட்டர் சத்தம் கேட்கிறது. இப்போது வார்டு கொஞ்சம் காலியாகியிருக்கிறது, கவலைப்படாதே.

ஜூன் மாதம், ராத்திரி ஒன்பதரைக்கும் வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் தூக்கம் வராமல் படுத்திருக்கும்போது காசிமேட்டு மீன் வாடை வேண்டும்போல இருக்கிறது, நீ தம்பியைத் திட்டும் சத்தம் வேண்டும்போல இருக்கிறது. யாரோ ஒருத்தருடைய அம்மாவுக்குத் தலை சீவினேன், உனக்குச் சீவ ஆள் இல்லையே.

சரி, அப்பா விஷயம். கோயம்பேடு மார்க்கெட் மூடினதிலிருந்து திருமழிசைக்குப் போய்க் காய் எடுத்துவருகிறார் என்று தெரியும். அந்த இருமல் தூசியால் வந்தது என்று நீ எழுதியதை நான் நம்பவில்லை. கொரோனா என்று தெரிந்தால் வீட்டு வாசலைத் தகரம் அடித்து அடைத்துவிடுவார்கள் என்று பயந்து மறைக்காதே. நாளைக்குக் காலையில் மெடிக்கல் ஷாப் திறந்ததும் தம்பியை அனுப்பி விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் வாங்கச் சொல். 94-க்குக் கீழே காட்டினால் யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ. கபசுரக் குடிநீர் கொடு, ஆனால் அதை மட்டும் நம்பி இருக்காதே. தம்பி பத்தாவது ஆல் பாஸ் என்று ஆடவேண்டாம், காலாண்டு, அரையாண்டு மார்க்கை எடுப்பார்களாம், எந்த குரூப் என்று என்னைக் கேட்காமல் முடிவு பண்ணக்கூடாது.

நாளைக்கு உங்கள் பத்து மணிக்குப் பேசுகிறேன், எனக்கு அப்போது விடியற்காலை ஐந்தரை. அப்பாவைப் பக்கத்தில் உட்காரவை. ஒரே மூச்சில் ஒன்றிலிருந்து முப்பது வரை எண்ணச் சொல், நான் கேட்கவேண்டும்.

உன்
பாப்பா