என் பின் எண்ணை நானே அழுத்த விடுங்கள்

வங்கிச் செயலியை வடிவமைக்கும் குழுவினருக்கு,

வணக்கம். பதினான்கு ஆண்டுகளாக உங்கள் வங்கியில் கணக்கு வைத்திருக்கிறேன். அரசுப் பள்ளி ஆசிரியர். பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. சென்ற மாத அப்டேட்டைப் பற்றி மூன்று முறை புகார் பதிந்துவிட்டதால் விவரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

முன்பெல்லாம் செயலியில் பின் (PIN) என்னும் ரகசிய எண்ணை அழுத்த, இயர்போனை மாட்டிக்கொண்டு திரையில் விரலை நகர்த்தினால், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் டாக்பேக் ‘ஒன்று’, ‘இரண்டு’ என்று என் காதுக்கு மட்டும் சொல்லும். வேண்டிய எண் வந்ததும் இருமுறை தட்டுவேன். ஆறு இலக்கத்துக்கு அரை நிமிடம்கூட ஆகாது. இப்போது எதைத் தொட்டாலும் ‘பெயரிடப்படாத பொத்தான்’ என்கிறது. பத்து எண்களுக்கும் அதே பதில். எது எங்கே இருக்கிறது என்று மனப்பாடம் செய்துகொள்ளவும் வழியில்லை. ஒவ்வொரு முறையும் எண்கள் இடம் மாறுகின்றன.

மகளின் விடுதிக் கட்டணத்துக்கு அன்றுதான் கடைசி நாள். மாலை நான்கரை மணி, வங்கிக் கிளை மூடியாகிவிட்டது. பள்ளிக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடைப் பையனிடம் போனைக் கொடுத்தேன். நகல் எடுக்க வந்தவர்கள் சுற்றி நின்றார்கள். அவன் காதருகே குனிந்து என் பின் எண்ணைச் சொன்னேன். இயந்திரச் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. “சார், நாலா ஏழா?” என்று உரக்கக் கேட்டான். நானும் உரக்கச் சொன்னேன். என் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று எனக்கு முன்னால் அவன் படித்தான். நல்ல பையன், அவன் மேல் எனக்குக் குறையில்லை. ஆனால் இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சம்பாதிக்கிற எனக்கு அன்று முகம் எரிந்தது.

பின் எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று மாதந்தோறும் குறுஞ்செய்தி அனுப்புகிறீர்கள். உங்கள் உதவி மையமோ, பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துப் பாருங்கள் என்கிறது. இரண்டில் எதைக் கேட்பது?

நான் கேட்பது பெரிய வேலை இல்லை. ஒவ்வொரு பொத்தானுக்கும் நிரலில் ஒரு பெயர் எழுத வேண்டும், அவ்வளவுதான். முன்பு இருந்ததை எடுத்துவிட்டீர்கள், திரும்ப வையுங்கள்.

நீங்கள் மட்டும் என்று சொல்லமாட்டேன். படத்தைப் பார்த்து எழுத்தைத் தட்டச் சொல்லும் இணையதளங்களிலும் இதே அவதிதான். பார்வை உள்ள என் சக ஆசிரியைகூட, வெள்ளையில் வெளிர் சாம்பல் எழுத்தை வைத்திருப்பதால் உங்கள் புதிய திரையைப் படிக்க முடியவில்லை என்கிறார். அவருக்கு வயது ஐம்பத்தாறு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது 2016இல். டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடக்கம் என்று 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதன் பிறகும் பொத்தானுக்குப் பெயர் கேட்டு நான் மன்றாட வேண்டியிருக்கிறது.

கோபம் மிஞ்சியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எண் பொத்தான்களுக்குப் பெயரிட்டு, என் பின் எண்ணை நானே அழுத்த விடுங்கள். அடுத்த அப்டேட்டை வெளியிடும் முன் பார்வையற்ற ஒருவரிடம் கொடுத்துச் சோதியுங்கள். ஆள் கிடைக்கவில்லை என்றால் எழுதுங்கள். சனிக்கிழமைகளில் எனக்குப் பள்ளி இல்லை, நானே வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்